ஈராசிரியர் பள்ளியில் தனியாக நிற்கும் நாள்: காலை முதல் ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது?

புதுவாசல்

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்திருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 34 பிள்ளைகள், நீளமான ஓர் அறை, முன்னால் தாழ்வாரம். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் கையில்.

பாடம் நடத்துவதில் தடுமாற்றம் இல்லை. காலை உணவு முடிந்து பிள்ளைகள் தட்டைக் கழுவி வைப்பதிலிருந்து முதல் பாடம் தொடங்குகிற வரைதான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. வருகைப் பதிவேடு, செயலி, சத்துணவுக்கு எண்ணிக்கை, வழிபாட்டுக் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. இதோடு இன்னும் மூன்று கேள்விகள்.

ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பேர். ஆறு பேர் வீட்டில் தெலுங்கு, ஒரு பிள்ளைக்குக் கன்னடம். நான் சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

காட்டோரக் கொட்டாயிலிருந்து வரும் நான்கு பேர் பெரும்பாலும் முதல் மணிக்குப் பிறகுதான் வந்து சேர்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை நன்றாகப் படிப்பாள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

பயிற்சிக் கையேடுகளைப் படித்துவிட்டேன். எதை எங்கே வைப்பது, எத்தனை நிமிடம், எது எங்கே சொதப்பும் என்ற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.


தொப்பூர்க் கணவாய்

டீச்சர், காலை வேலைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் குறிப்பது, செயலியில் ஏற்றுவது, சத்துணவு அமைப்பாளருக்கு எண்ணிக்கை எழுதிக் கொடுப்பது, இந்த மூன்றும் உங்களுடையவை. மற்ற எல்லாவற்றையும் பிள்ளைகள் செய்துகொள்வார்கள், பொருள் அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால்.

பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதை விட்டுவிட்டுப் பெயர் அட்டைக்கு மாறுங்கள். அறைக்குள், கதவை ஒட்டிய சுவரில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறும் அதற்கு ஓரடி மேலே இன்னொரு கயிறும் கட்டுங்கள். கீழ்க் கயிறு வீடு, மேல் கயிறு பள்ளி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 6 அங்குல அகலம், 4 அங்குல உயரத்துக்கு வெட்டி, மேலே ஓர் அங்குலத்தை மடித்தால் அப்படியே கயிற்றில் தொங்கும். கிளிப்பு வேண்டாம், விறைப்பான கிளிப்பை ஐந்து வயது விரலால் அமுக்க முடியாது, அங்கேயே வரிசை நின்றுவிடும். வகுப்புக்கு ஒரு நிறத்தில் கரை போட்டு, பெயரைத் தடித்த மார்க்கரில் எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பு அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் குடை, பம்பரம், மாங்காய் என்று பிள்ளைக்கு ஒரு படம். ஜூலை நடுவில் அந்தப் படத்தை வெட்டி எடுத்துவிடலாம். அதற்குள் தன் பெயரின் வடிவம் கண்ணில் பதிந்திருக்கும். அதுதான் அந்தப் பிள்ளை வாசிக்கும் முதல் சொல்.

உள்ளே வரும் பிள்ளை தன் அட்டையைக் கீழிருந்து எடுத்து மேலே மாட்டும். கீழே மிச்சம் தொங்குவது யாரோ அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். சொதப்பும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வராத தோழியின் அட்டையையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். அதனால் தலையை ஒருமுறை எண்ணி மேல் கயிற்றோடு ஒத்துப் பாருங்கள். கயிறு தொய்ந்தால் அட்டைகளெல்லாம் நடுவில் வந்து குவியும்; நான்கு அடிக்கு ஓர் ஆணி வேண்டும். தாழ்வாரத்தில் கட்டினால் ஆடிக் காற்றில் ஓர் அட்டையும் நிற்காது. மாலை மணி அடித்ததும் அட்டைகளைக் கீழ்க் கயிற்றுக்கு இறக்குவது நான்காம் வகுப்பின் வேலை.

எண்ணிக்கையை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள், முடிந்த பிறகு கொடுங்கள். தாமதமாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் வந்திருப்பார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. நேற்றைய 34-ஐயே எழுதிக் கொடுத்து, ஆறு பேர் வராமல் போனால் 600 கிராம் அரிசி கூடுதலாக உலைக்குப் போகும், ஆறு முட்டை கணக்கில் நிற்கும். குறைத்துக் கொடுத்தாலோ கடைசி வரிசைப் பிள்ளைக்குச் சாம்பார்தான் மிஞ்சும். அமைப்பாளரிடம் உலை வைக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் சீட்டு போய்ச் சேரும்படி ஐந்தாம் வகுப்பில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வழிபாட்டுக் கூட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, பிறகு உறுதிமொழி, ஒரு குறள் பொருளோடு, ஒரு செய்தி. வாழ்த்தின்போது நீங்களும் கையைக் கீழே விட்டு நேராக நில்லுங்கள். அப்போது பதிவேடு எழுதினால் பிள்ளைகளும் சொறிந்துகொண்டும் திரும்பிக்கொண்டும்தான் நிற்பார்கள். செய்தி வாசிக்கும் இரண்டு நிமிடத்தில் பின்னால் நின்று பதிவேட்டைக் குறித்துவிடலாம். முதலில் காகிதம், பிறகுதான் கைப்பேசி. சிக்னல் தேடிக் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிற நேரத்தில் வகுப்பு கலைந்துவிடும். செயலி வேலையைப் பிள்ளைகள் கையெழுத்து எழுதும் ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.

இனி முதல் பாடவேளை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து 1 முதல் 3 வரை வகுப்புகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துத்தான் பிரிக்கிறோம், அதனால் அவர்களைப் பாயில் மூன்று வட்டமாக உட்கார வையுங்கள். 4, 5 வகுப்புகளை எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார வையுங்கள். இரண்டு கூட்டமும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தால் ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் படாது. நீங்கள் நிற்க வேண்டியது நடுவில், கரும்பலகைக்கு முன்னால் இல்லை.

முதல் வேலை பெரியவர்களுக்கு. அது முந்தின நாள் மாலையே அவர்கள் பக்கத்துப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். காலையில் விரலால் காட்டினால் போதும். அடுத்து மொட்டுக்கும் மலருக்கும். கடைசியாக அரும்பு வட்டத்தில் நீங்களே உட்கார்ந்து 15 நிமிடம். பிறகு சுற்றை மாற்றுங்கள்.

தனியாகச் செய்யும் வேலையில் புதிதாக ஒன்றும் இருக்கக் கூடாது. தெரிந்த கணக்கு, படித்த பத்தி, பழகிய சொற்கள் மட்டும். கடன் வாங்கிக் கழித்தலைப் பழகாத பிள்ளைக்கு அதைப் பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் கை தூக்கும், அரும்பு வட்டம் அத்தோடு முடிந்தது. அதேபோல வேலைக்குக் கீழே ஒரு கோடு போட்டு “முடித்தவர்களுக்கு” என்று இன்னொரு வேலையும் எழுதி வையுங்கள். அது இல்லாத நாளில் “முடிச்சிட்டேன் டீச்சர்” என்ற குரல் எட்டாவது நிமிடத்தில் ஆரம்பித்து நிற்கவே நிற்காது. விடைகளை ஓர் அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்தால் அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். நீங்கள் நாளுக்கு ஐந்து நோட்டை மட்டும் வாங்கி ஆழமாகப் பாருங்கள். ஏழு பள்ளி நாளில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.


மாந்தோப்பு

மொழிக்கு மட்டும் சொல்கிறேன். ஓசூர், பாகலூர், வேப்பனப்பள்ளி, தளி என்று இந்தப் பட்டையில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இது உண்டு.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். செய்ய வைத்துப் பாருங்கள்: புத்தகத்தைத் தலைமேல் வை, சிலேட்டைத் திருப்பு, ஜன்னல்கிட்டப் போ. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் செய்கிறதா, சொன்ன உடனே செய்கிறதா என்பதுதான் உங்களுக்குத் தேவையான விடை. முதல் மாதத்துக்கு வா, உட்கார், எடு, வை, திற, மூடு, காட்டு, சொல், எழுது, அழி, கேள், நில் இந்தப் பன்னிரண்டு சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கைச்சாடை, அதையும் மாற்றாதீர்கள். இன்றைக்கு “உட்கார்”, நாளைக்கு “ஒக்காரு”, மறுநாள் “அமருங்கள்” என்றால் பிள்ளைக்கு அது மூன்று சொல்.

ஒரு சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். காலை உணவு வரிசையில் கிச்சடிப் பாத்திரத்தைக் காட்டி “சூடு!” என்று சொன்னால், தெலுங்குப் பிள்ளையின் காதில் அது “பார்” என்று விழும். எட்டிப் பார்க்கும், கையையும் வைக்கும். “வேடி” என்று அவர்கள் சொல்லிலேயே சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் “கொதிக்குது” என்று சேருங்கள். பரிமாறுகிற அக்காவிடமும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எழுத்துக்கு வரும்போது கால், தலை, ஊர், முள் போன்ற சொற்களிலிருந்து தொடங்குங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய அதே ஒலிதான், பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, எழுத்து மட்டும்தான் புதிது. ஆனால் அந்த இரண்டு மொழியிலும் பேச்சில் சொல் பெரும்பாலும் உயிரொலியில்தான் முடியும். அதனால் சொல்வதை எழுதுதலில் “பால்” என்றால் “பாலு” என்றும், “முள்” என்றால் “முள்ளு” என்றும்தான் வரும். தமிழ் பேசும் பிள்ளைகளும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆகவே இதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சுழிக்க வேண்டாம். கை தட்டவையுங்கள். பா-லு இரண்டு தட்டு. பால் ஒரே தட்டு, முடிவில் நாக்கு மேலே ஒட்டி நிற்கும். பத்து நாள் தினமும் ஐந்து சொல் தட்டினால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது தானாக வரும்.

கன்னடப் பிள்ளை “பால்” என்ற அட்டையைப் பார்த்து “ஹாலு” என்றால் அது எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறது. தமிழில் ப வருகிற பல இடத்தில் கன்னடத்தில் ஹ வரும்: பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி. படத்தை விரலால் மறைத்து இன்னொரு முறை கேளுங்கள்.

ழகரத்தை ஒன்றாம் வகுப்பில் உச்சரிப்புக்காகப் பிடித்து நிறுத்த வேண்டாம். தெலுங்கில் அந்த ஒலியே கிடையாது, இன்றைய கன்னடப் பேச்சிலும் இல்லை. ள என்றுதான் வரும். எழுத்தில் பிரித்துக் காட்டப் பழம், மழை, வாழை, புழு என்று படச் சொல்லாகக் கொடுங்கள். உச்சரிப்புக்கு இரண்டாம் வகுப்பில் வரலாம்: ள சொல்லும்போது நுனிநாக்கு மேலே தொடும், ழ சொல்லும்போது வளைந்து தொடாமல் நிற்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் நடுவில் திருத்தாதீர்கள். வரி முடியட்டும்.

வீட்டு மொழியில் பேசாதே என்று யாரும் சொல்லக் கூடாது, மற்ற பிள்ளைகளும்தான். படத்தைக் காட்டி “உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?” என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். நாய்க்குக் குக்க என்று ஒருவர், நாயி என்று ஒருவர் சொன்ன பிறகு நீங்கள் நாய் என்று சொல்லுங்கள். வாயே திறக்காத பிள்ளை அங்கேதான் முதலில் திறக்கும்.


புதுவாசல்

இருவருக்கும் நன்றி. சூடு விஷயம் நாளைக்கே பரிமாறும் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தேகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சின்னவர்களோடு உட்கார வைக்கலாமா? அவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், சில நேரம் தலையில் குட்டும் விழுகிறது.


தொப்பூர்க் கணவாய்

வைக்கலாம், பத்து நிமிடத்துக்கு மட்டும். பென்சில் எப்போதும் சின்னப் பிள்ளையின் கையில்தான், பெரியவர் விரலால் காட்டலாம், இந்த ஒரு விதி போதும். பின்பக்கம் விடை எழுதிய அட்டையைக் கொடுங்கள். சின்னவர் சொன்ன பிறகு பெரியவர் திருப்பிக் காட்ட வேண்டும். வேலை கேட்பதும் சரிபார்ப்பதும் மட்டும் என்று ஆகிவிட்டால் குட்டுவதற்கு இடம் இல்லை. ஒரே கெட்டிக்காரப் பிள்ளையைத் தினமும் அனுப்பாதீர்கள், அதன் பாடம் போய்விடும். சுமாராக வாசிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு அனுப்பிப் பாருங்கள். சின்னவருக்கு வாசித்துக் காட்டுகிற சாக்கில் தனக்கு விட்டுப்போனதைக் கூச்சமில்லாமல் படித்துக்கொள்ளும்.


ராகிக்களம்

தாமதமாக வருகிறவர்கள் பற்றி. அஞ்செட்டி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் ராகி முற்றி அறுவடை ஆகிற மாதங்களில் யானை இறங்கும். இரவெல்லாம் காவல் இருந்துவிட்டு அப்பா அம்மா விடியலில்தான் படுப்பார்கள். நன்றாக வெளிச்சம் வந்து, பாதை தெளிவாகத் தெரிந்த பிறகுதான் பிள்ளை கிளம்ப வேண்டும், கிளம்புவதும் கூட்டமாக, பெரியவர் ஒருவர் துணையோடு. இதில் சீக்கிரம் வா என்று நாம் விரட்டக் கூடாது.

வெளியே நிற்க வைப்பதும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்பத்தையும் சேர்த்தே தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், வாசலில் நிற்பதற்காக யாரும் மூன்று கிலோமீட்டர் நடந்து வர மாட்டார்கள். இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் மாடு மேய்க்கப் போய்விடும்.

செய்ய வேண்டியது, முதல் அரை மணி நேரத்தில் புதுப் பாடம் வைக்காமல் இருப்பது. கையெழுத்து, வாய்ப்பாடு, முந்தின நாள் பத்தியை மறுபடி வாசிப்பது இவற்றை அங்கே போடுங்கள். தாமதமாக வரும் பிள்ளை அட்டையை மேலே மாட்டிவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் வட்டத்தில் உட்காரலாம், எதுவும் விட்டுப்போயிருக்காது. காலை உணவைத் தவறவிட்டு வருவதுதான் பெரிய பிரச்சினை. சாப்பிட்டாயா என்று அந்த நான்கு பேரையும் தனியாகக் கேளுங்கள், வகுப்புக்கு முன்னால் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். குடியிருப்பு தொலைவாக இருந்தால் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் உதவி உண்டு, வட்டார வள மையத்தில் எழுதிக் கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், உங்களுக்குக் கட்டாயம் வரும். பென்னாகரம், அரூர்ப் பக்கமும் சரி, இங்கேயும் சரி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகும். பிள்ளையிடம் கேட்டால் முதலிலேயே தெரியும்: “டீச்சர், நாங்க வியாழக்கிழமை போறோம்.” அன்றைக்கே அப்பா, அம்மா, பாட்டி மூவரின் கைப்பேசி எண்ணையும் வாங்குங்கள். பாட்டி எண் முக்கியம், மற்ற இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டியிடம் விட்டுப் போக முடியுமா என்று பேசிப் பாருங்கள். போவது உறுதி என்றால் ஒரு நோட்டு, இரண்டு பென்சில், அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற வாசிப்பு அட்டை பத்து, ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். அங்கே பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்க மறுப்பதற்கும் இடமில்லை. திரும்பி வந்தால் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும், அது 4-ஆம் பிரிவு. வந்த முதல் நாள் பத்து எழுத்து, ஐந்து சொல், ஒரு வரி, இரண்டு கூட்டல், இதற்கு மேல் சோதிக்காதீர்கள். எந்த வட்டம் என்று தெரிந்தால் போதும். கயிற்றில் அந்தப் பெயர் அட்டை அதே இடத்தில் தொங்க வேண்டும், இல்லாத மாதங்களிலும்.


சின்னாறு

வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை பற்றி யாரும் எழுதவில்லை. முதலில் பல்லைப் பாருங்கள், வகுப்பு நேரத்தில் இல்லை, சாப்பிடும்போதோ சிரிக்கும்போதோ. முன்பல்லில் சுண்ணாம்பு தீற்றியது மாதிரி வெள்ளைக் கோடு, அல்லது மஞ்சள், பழுப்புக் கறை இருக்கிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் நிறைய. பால்பல்லில் இது அவ்வளவாகத் தெரியாது, முளைத்து வரும் நிலைப்பல்லில்தான் தெரியும். முன்பற்கள் விழுந்து முளைப்பது ஆறு முதல் எட்டு வயதுக்குள். இரண்டாம் வகுப்பு வரை கணீரென்று வாசித்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் திடீரென்று வாயைப் பொத்துவதற்கு அது காரணமாக இருக்கலாம். இதைக் கூச்சம், பயம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

“கையை எடு” என்று சொல்லாதீர்கள். கைக்கு வேலை கொடுங்கள். பெரிய அளவுக் கதைப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசிக்கட்டும், அல்லது ஒரு கையில் புத்தகம், மறு கையில் வரியைக் காட்டும் குச்சி. வகுப்புக்கு எதிரே நிற்க வைக்காமல் வட்டத்தில் உட்கார்ந்தபடி வாசிக்கட்டும், நீங்கள் எதிரில் இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து, அதன்பின் தனியாக. “மஞ்சப் பல்லு” என்று பட்டப்பெயர் சொல்கிறவர் யார் என்று கண்டுபிடித்து அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி நிறுத்துங்கள். வகுப்பில் பொதுவாகச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.

செங்கல் பொடி, கரி, உப்பு போட்டு அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். கறை எனாமலுக்குள் இருக்கிறது, தேய்த்தால் எனாமல்தான் தேயும், பல் கூசும். பள்ளி மருத்துவக் குழு வரும்போது பெயரைக் குறித்துக் கொடுத்து, அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பள்ளிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் தட்டு கழுவவும் கழிப்பறைக்கும். இரண்டு குழாய்க்கும் வேறு வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். போர் மட்டும்தான் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, ஊராட்சி வழியாகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு செய்தி: பல் உள்ளே உருவாகிற வயது எட்டு வரை, ஆகவே அங்கன்வாடிக்குப் போகிற தம்பி தங்கைக்கும் நல்ல தண்ணீர் வேண்டும், பால் கலக்காத டீயைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. ராகி, கீரை, பால் மூன்றிலும் கால்சியம் இருக்கிறது, அது ஃப்ளோரைடு உடலில் ஏறுவதைக் குறைக்கும்.

பல்லில் கறை இல்லையென்றால் கண்ணையும் காதையும் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் படிக்கிறதா, பின்னால் நின்று மெதுவாகப் பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று. பலப்பம், சாக்பீஸ், மண் தின்கிற பிள்ளை கண்ணில் பட்டால் திட்டாமல் இரத்தசோகைக்குச் சோதிக்க அனுப்புங்கள், குடற்புழு மாத்திரை போட்ட நாளில் வந்திருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.


பலப்பம்

தொப்பூர் சார் இரண்டு பக்கத்துக்கும் பலகை சொன்னார். பழைய பள்ளியாக இருந்தால் செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரைச் சுற்றி அடித்த தாழ்நிலைக் கரும்பலகை இருக்கும், பெஞ்சுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். முதல் வேலையாக அதை வெளியே கொண்டுவாருங்கள். பிள்ளைக்கு ஒன்றரை அடி அகலம் வீதம் கோடு போட்டுப் பெயர் எழுதிவிட்டால் காலையில் வந்ததும் தன் கட்டத்தில் தேதியும் நேற்றுப் படித்த ஐந்து சொல்லும் எழுதும். நின்ற இடத்திலிருந்தே எல்லோரும் எழுதியது உங்கள் கண்ணில் படும், சிலேட்டை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்க வேண்டாம்.

வெளுத்துப்போன பலகைக்குக் கோவை இலைதான் எளிது. ஒரு பெரிய பலகைக்கு நான்கு கைப்பிடி இலை, இரண்டு கைப்பிடி அடுப்புக்கரி. கரியை இடித்து வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். சலிக்காத கரியில் உள்ள மணல் பலகையைக் கீறிவிடும், பிறகு அந்தக் கீறலில் சாக்பீஸ் தூள் உட்கார்ந்து போகவே போகாது. இரண்டையும் சேர்த்து அரைத்துத் துணியில் முடிந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை, காய்ந்ததும் இடமிருந்து வலமாக ஒருமுறை தேயுங்கள். ஊமத்தை இலையையும் சேர்ப்பார்கள். அது விஷச் செடி, சாறு பட்ட கையைப் பிள்ளை வாயில் வைத்தால் ஆபத்து, பள்ளிக்குள்ளேயே வேண்டாம். பலகைப் பெயிண்ட் அடிப்பதானால் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் புதுப் பெயிண்டில் நேராக எழுதினால் முதல் நாள் எழுத்து நிழலாக நின்றுவிடும்.

அரும்பு வட்டத்துக்கு எழுதும் எழுத்து 3 அங்குல உயரம் இருக்கட்டும், கொம்பும் காலும் ஒட்டாமல். மஞ்சள் சாக்பீஸ் தெரியும். நீலமும் சிவப்பும் பின்வரிசைக்குத் தெரியாது. கீச்சென்று சத்தம் வந்தால் சாக்பீஸைப் பாதியாக ஒடித்துச் சாய்த்துப் பிடியுங்கள். வெயில் படும் நேரத்தில் நான்கு மூலையிலும் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, பலகையில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மூலைப் பிள்ளை தடுமாறுகிறதோ அங்கே கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்று பொருள், அந்தப் பக்கத்து ஜன்னல் கதவை ஒருக்களித்து வையுங்கள்.

கோவைச் சாறு பூசுவதை வெள்ளிக்கிழமை மாலை மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது எழுதினால் சாக்பீஸ் வழுக்கும், எழுத்தும் விழாது. இரண்டு நாள் கதவு ஜன்னல் வழியாகக் காற்று பட்டால் திங்கள் காலைக்குச் சரியாக இருக்கும்.